மழை பொய்த்த ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள் அதை எதற்குச் செலவழிப்பது?

கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் நடுவில் ஒரு சிற்றூர், எழுபது குடும்பம். புரட்டாசியில் புழுதி விதைப்பாக, அதாவது மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில், போட்ட நெல் கார்த்திகையிலேயே கருகிவிட்டது, கண்மாய்க்குத் தண்ணீர் வரவில்லை. ஊரில் நாற்பது மாடும் ஆயிரத்துக்குக் குறையாத ஆடும் இருக்கின்றன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நீங்கள் சிலர் சேர்ந்து மூன்று லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறீர்கள். அரிசி மூட்டை வாங்கிக் கொடுப்பதா, வீட்டுக்கு இரண்டு ஆடு வாங்கித் தருவதா, பொதுவில் ஒரு போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது இந்த மூன்றில் எது என்பதைவிடப் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. இப்போது தை மாதம். அடுத்த ஐப்பசி மழைக்கு இன்னும் எட்டு ஒன்பது மாதம் கிடக்கிறது. அதுவரை இந்தக் குடும்பங்கள் பிழைப்புக்கு வேரான எதையும் விற்றுத் தின்றுவிடாமல் எப்படித் தாக்குப்பிடிப்பது? அந்தக் கேள்விக்கு என் பதில், நீங்கள் சொன்ன மூன்றுமே இப்போதைக்கு வேண்டாம் என்பதுதான். ஏன் என்பதையும், பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதையும் விரிவாகச் சொல்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். அரசுப் பணியில் பெரும்பகுதி ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கம்தான் கழிந்தது. ஆடு மாடு பற்றிச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். பயிரைப் பற்றிச் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்தவன் சொல்வது. அதை உங்கள் வட்டார வேளாண்மை அலுவலரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வறட்சி ஒரு வீட்டைத் தின்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கிடா போகும், கோழி போகும். அதில் நஷ்டம் பெரிதில்லை, அவை விற்கத்தான் வளர்க்கப்பட்டவை. அடுத்து நகை அடகுக்குப் போகும். அதற்கடுத்து வட்டிக்குக் கடன். அதன்பிறகுதான் பெட்டை ஆடும் பால்மாடும் சந்தைக்குப் போகும். பிறகு பள்ளிக்கூடம் போகும் பையன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைக்குப் போவான். கடைசியில் நிலம் ஒத்திக்குப் போகும். இந்த வரிசையில் ஒரு கோடு இருக்கிறது. கிடாவை விற்றவன் அடுத்த வருஷம் எழுந்துவிடுவான். பெட்டை ஆட்டை விற்றவன் சீக்கிரம் எழமாட்டான். ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம், பிறந்த பெட்டைக்குட்டி சினை பிடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம், அதில் பாதி கிடாக்குட்டி என்று கணக்குப் போட்டால், பாதி மந்தையை இழந்த குடும்பம் பழைய நிலைக்கு வர மூன்று நான்கு நல்ல வருஷம் வேண்டும். அத்தனை நல்ல வருஷம் நம் மாவட்டத்தில் தொடர்ந்து வருவது அபூர்வம். விற்கும்போது எல்லோரும் விற்பதால் விலை மலிவு, மழை பெய்து திரும்ப வாங்கப் போகும்போது எல்லோரும் வாங்குவதால் விலை ஏற்றம் என்பது இதற்கு மேல் ஒரு அடி. ஆகவே உங்கள் பணத்துக்கு ஒரே வேலைதான் கொடுக்க வேண்டும்: அந்தக் கோட்டைத் தாண்ட விடாமல் வீட்டை நிறுத்துவது.

இதில் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைவிட எப்போது கொடுக்கிறோம் என்பதுதான் பெரிது. இது எங்கள் துறையில் சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். 2011இல் சோமாலியாவில் வந்த பஞ்சத்தை உதாரணம் காட்டுவார்கள். மழை பொய்க்கப் போகிறது என்ற எச்சரிக்கை 2010ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பஞ்சம் என்று முறையாக அறிவிக்கப்பட்டது 2011 ஜூலையில். அதற்குப் பிறகுதான் பெரும்பணம் வந்தது. இறந்தவர்கள் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர், அதில் பாதிப் பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்கே போரும் இருந்தது, ஆட்சியும் இல்லை, நம் ஊரோடு அதை ஒப்பிட முடியாது. நம்மிடம் ரேஷன் கடை இருக்கிறது, யாரும் பட்டினியால் சாகப் போவதில்லை. ஆனால் நம் ஊரிலும் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கும் பழக்கம் அதேதான். 2016 வடகிழக்குப் பருவமழையை நினைத்துப் பாருங்கள். வழக்கமாகத் தமிழகத்துக்கு 440 மி.மீ. அளவில் கிடைக்க வேண்டிய மழை அந்த வருஷம் 168 மி.மீ.தான் பெய்தது. மாநிலம் முழுவதையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது 2017 ஜனவரியில். நிவாரணம் கைக்கு வருவதற்குள் பல வீடுகளில் மாடு போய்விட்டது. உங்கள் மூன்று லட்சம் தை, மாசியில் போனால் ஒரு மதிப்பு, வைகாசியில் போனால் வேறு மதிப்பு.

இதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய காரணம் வைக்கோல். தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் சம்பா அறுவடை நடப்பது தை, மாசியில். வைக்கோல் வயலில் கிடக்கும் அந்த நாட்களில்தான் விலை அடிமட்டத்தில் இருக்கும். இப்போது கட்டும் இயந்திரம் வந்துவிட்டதால் உருளைக் கட்டாகவே லாரியில் ஏற்றிவிடலாம். அதே கட்டு வைகாசி, ஆனியில் முதுகுளத்தூர் வந்து இறங்கும்போது விலை எங்கேயோ போயிருக்கும். அப்போது நிவாரணமாக வாங்குகிறவர்கள் வியாபாரிக்கு லாபம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். வாங்கும்போது கட்டுக் கணக்கில் பேசாதீர்கள். கட்டின் எடை இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும், ஈரமாகக் கட்டினால் இன்னும் ஏமாற்றும். எடைமேடையில் ஏற்றிக் கிலோ கணக்கில் பேசுங்கள், லாரி வாடகையையும் சேர்த்து. ஒரு கட்டைப் பிரித்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். சூடாக இருந்தாலோ பூசணம் வாடை அடித்தாலோ அந்தச் சுமை வேண்டாம்.

எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு எளிது. நம்மூர் நாட்டு மாடு ஒன்று உயிரோடு நிற்க நாளைக்கு ஐந்து கிலோ வைக்கோல் வேண்டும். பால் கறக்க அல்ல, நிற்க மட்டும். நாற்பது மாடு, ஐந்து கிலோ, மேய்ச்சல் அறவே இல்லாத நான்கு மாதம் என்றால் 24 டன். இதோடு கொஞ்சம் பிண்ணாக்கோ தவிடோ சேர வேண்டும், தாது உப்பும் வேண்டும். உங்கள் தொகையில் பாதியை இதற்கு ஒதுக்குங்கள். போதாது என்று தெரிந்தால் நாட்களைக் குறைக்காதீர்கள், மாட்டைக் குறையுங்கள். நாற்பது மாட்டுக்கு இரண்டு மாதம் போட்டுவிட்டு நிறுத்துவதைவிட, இருபது மாட்டுக்கு நான்கு மாதம் போடுவது மேல். பாதிவழியில் தீவனம் நின்றால், போட்ட வைக்கோலும் போய் மாடும் போகும்.

மாட்டைக் குறைப்பது என்றேன். அதுதான் ஊரில் பேசக் கஷ்டமான விஷயம். எதைக் காப்பாற்றுவது, எதை இப்போதே விற்பது என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இளம் பெட்டை, சினை ஆடு, இரண்டு மூன்று ஈத்துக் கண்ட நல்ல மாடு, மந்தைக்கு வேண்டிய ஒன்றிரண்டு பொலிகிடா, இவை நிற்க வேண்டும். மற்ற கிடா, பல் தேய்ந்த கிழ ஆடு, சினை பிடிக்காத மாடு, இவை உடம்பில் சதை இருக்கும்போதே, மாசிக்குள் விற்கப்பட வேண்டும். விற்ற பணத்தில் ஒரு பகுதி நிற்கும் ஆட்டின் தீவனத்துக்குப் போக வேண்டும். 2006இல் எத்தியோப்பியாவின் தெற்கே மோயாலேப் பகுதியில் ஒரு வறட்சியின்போது இதைப் பெரிய அளவில் செய்தார்கள். மாடு வாங்கும் வியாபாரிகளை மேய்ப்பர்களோடு கோத்துவிட்டு, சாவதற்கு முன்னால் ஏறக்குறைய 20,000 மாடுகளை வாங்க வைத்தார்கள். போட்ட செலவைப்போல 41 மடங்கு பலன் கிடைத்தது என்று பிறகு கணக்கிட்டார்கள். அந்த எண்ணை நான் நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர மாட்டேன். அங்கே ஏற்றுமதிச் சந்தை ஒன்று காத்திருந்தது, செலவில் பெரும்பகுதியை வியாபாரியே போட்டார். ஆனால் வரிசை பொருந்தும்: முதலில் விற்க வேண்டியதை விற்பது, பிறகு மிச்சத்துக்குத் தீவனம்.

நம்மிடம் ஒரு சௌகரியம் உண்டு. ஆட்டுக்கறிக்குத் தமிழகம் முழுவதும் கிராக்கி இருப்பதால், ஒரு மாவட்டத்தில் மட்டும் வறட்சி என்றால் ஆட்டு விலை அவ்வளவு சரியாது. எட்டயபுரம் சந்தைக்கோ திருப்புவனம் சந்தைக்கோ போனால் விலை நிற்கும். உள்ளூரில் வீட்டு வாசலில் வந்து கேட்கும் தரகரிடம்தான் அடிபடும். நாலு வீட்டு ஆட்டைச் சேர்த்து ஒரு வண்டி பிடித்துச் சந்தைக்கு அனுப்ப வாடகை கொடுத்தீர்கள் என்றால், அது நீங்கள் செய்யும் மிக மலிவான உதவியாக இருக்கும். மாட்டு விலை அப்படி நிற்காது, வறட்சியில் சரசரவென்று இறங்கும். ஊரில் படித்த பிள்ளை ஒருவரிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வாராவாரம் ஒரு நடுத்தரப் பெட்டை ஆட்டின் விலையையும் ஒரு கிலோ பிண்ணாக்கின் விலையையும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஒரு ஆட்டை விற்றால் எத்தனை கிலோ பிண்ணாக்கு வரும் என்ற எண் மூன்று வாரம் தொடர்ந்து இறங்கினால், நிலைமை கைமீறுகிறது என்று பொருள். அரசு அறிவிப்புக்கு மாதங்கள் முன்பே இந்த நோட்டு சொல்லிவிடும்.

ஆட்டுக்கு வைக்கோல் போட்டுக் கட்டுப்படியாகாது, அது விரும்பித் தின்னவும் தின்னாது. ஊரில் கிடைப்பதிலிருந்துதான் பார்க்க வேண்டும். கோடையில் கருவேல நெற்றும் (முற்றிக் காய்ந்த காய்) வெள்வேல நெற்றும் உதிரும். வேம்பு, வாகை, கொடுக்காப்புளி, ஒதிய மரத்துத் தழை இருக்கும். எல்லோரும் திட்டும் சீமைக்கருவேலம் எந்த வறட்சியிலும் காய்க்கும். அதன் இலையை ஆடு தொடாது, பழுத்த நெற்றை ஓடிப் போய்ப் பொறுக்கும். இனிப்பு இருக்கிறது, புரதமும் நூற்றுக்குப் பன்னிரண்டு அளவில் உண்டு. முழு நெற்றாகத் தின்றால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வெளியே வந்து அடுத்த காட்டிலும் முளைக்கும். ஆகவே வெயிலில் நன்றாகக் காயவைத்து, கையில் ஒடித்தால் படக்கென்று ஒடியும் பதத்தில் மாவு மில்லில் கொடுத்து நொறுக்க வேண்டும். ஈரம் இருந்தால் அதன் பிசின் மில் கல்லில் ஒட்டிக்கொள்ளும், மில்காரர் அடுத்த முறை அரைக்க மறுத்துவிடுவார். நொறுக்கியதைத் தவிடு, பிண்ணாக்கோடு கலந்து கொடுங்கள், அடர்தீவனத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதையே மட்டும் மாதக்கணக்கில் தின்ற மாட்டுக்குத் தாடை இழுத்துக்கொள்ளும், எச்சில் ஒழுகும், மெல்ல முடியாது. நெற்றைப் பொறுக்கிக் கொண்டுவரும் பெண்களுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று உங்கள் பணத்திலிருந்து கொடுத்தால், ஒரே ரூபாயில் கூலியும் ஆயிற்று, தீவனமும் ஆயிற்று. இந்த அடர்தீவனத்தை எல்லா ஆட்டுக்கும் பகிர்ந்து கரைத்துவிடாதீர்கள். சினையின் கடைசி ஒன்றரை மாதத்தில் இருக்கும் ஆட்டுக்குத் தலைக்கு 150 கிராம் என்று கொடுங்கள். குட்டி எடையோடு பிறக்கும், மடியில் பால் இருக்கும். போடும் தீவனத்துக்கு அதிகப் பலன் அங்கேதான்.

வைக்கோலை யூரியாவில் ஊறவைத்துச் சத்தேற்றும் முறையை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். நல்ல முறைதான். நூறு கிலோ வைக்கோலுக்கு நாலு கிலோ யூரியாவை நாற்பதிலிருந்து அறுபத்தைந்து லிட்டர் தண்ணீரில் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். எடுத்ததும் கொஞ்ச நேரம் ஆறப்போட்டு நெடி போனபின் போட வேண்டும். ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குப் போடக்கூடாது, பட்டினி கிடந்த மாட்டுக்கு எடுத்த எடுப்பில் வயிறு நிறையப் போடக்கூடாது. கரைசல் வாளியைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் தாகத்தில் மாடு குடித்துச் செத்துப்போகும். தண்ணீருக்கே தவிக்கும் ஊரில் இது சாதாரண ஆபத்து இல்லை. கூடவே நின்று செய்து காட்ட ஒரு கால்நடை ஆய்வாளர் இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஊரில் ஆடு வைத்திருப்பவர்களில் சிலர் கிடைக்காரர்கள், அதாவது மந்தையை ஊர் ஊராக ஓட்டிப் போய் ராத்திரியில் வயலில் அடைப்பவர்கள், என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கணக்கு வேறு. தை பிறந்ததும் கீதாரி (மந்தைத் தலைவர்) மந்தைகளைச் சேர்த்துக்கொண்டு டெல்டாவுக்கு நடந்துவிடுவார். அறுத்த வயலில் மேய்ச்சல், ராத்திரி கிடை போட்டால் வயல்காரர் கொடுக்கும் பணம் அல்லது நெல், இப்படி ஆவணி வரை ஓடும். வறட்சியைச் சமாளிக்க இதைவிடப் பழைய, இதைவிடத் திறமையான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தீவனம் ஆட்டைத் தேடி வருவதற்குப் பதில் ஆடு தீவனத்தைத் தேடிப் போகிறது. அதை நிறுத்தி ஊரிலேயே கொட்டகை போட்டு வளர்க்கச் சொல்லும் யோசனைகளை நம்பாதீர்கள். அவர்களுக்கு வேண்டியது வழியில் வேண்டியது: புறப்படுமுன் ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும், வழியில் மருந்து வாங்கக் கொஞ்சம் ரொக்கம், ஊரில் விட்டுப்போகும் பெண்டு பிள்ளைகளுக்கு மாதச் செலவு. மேட்டூரிலும் தண்ணீர் இல்லாத வருஷம்தான் அவர்களுக்குப் பெரிய அடி. 2016–17இல் அதுதான் நடந்தது, ராமநாதபுரமும் காய்ந்தது, தஞ்சாவூரும் காய்ந்தது. ஆகவே இந்த வருஷம் டெல்டாவில் சம்பா எப்படி என்று முதலில் விசாரியுங்கள். அங்கே விளைந்திருந்தால் உங்கள் கவலையில் பாதி குறையும்.

இனி அரசுப் பணம். அதை வாங்கித் தருவதில் நீங்கள் செலவிடும் நேரம், உங்கள் மூன்று லட்சத்தைவிடப் பெரிதாகத் திரும்பி வரலாம். நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்தவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுங்கள். அந்தத் திட்டத்தில் வறட்சிக்குத் தனி வயலைப் பார்த்து இழப்பீடு தருவதில்லை, வருவாய்க் கிராமத்தில் அறுவடைச் சோதனை நடத்திச் சராசரி எடுப்பார்கள். சோதனை எந்த வயலில், எந்த நாளில் நடக்கிறது என்பதை ஊர்க்காரர் இருவர் உடனிருந்து பார்ப்பது நல்லது. வறட்சி நிவாரணம் தனி. மூன்றில் ஒரு பங்குக்குமேல் பயிர் போயிருந்தால், 2022இல் திருத்திய மத்திய அரசின் நிவாரண அளவுப்படி மானாவாரிக்கு எக்டருக்கு 8,500 ரூபாய், அதிகபட்சம் இரண்டு எக்டர். மாநில அரசு சில வருஷம் கூட்டிக் கொடுத்திருக்கிறது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் உழவுக்கூலிக்கே காணாத தொகை. அதற்கும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்ற கணக்கு) இந்த வருஷப் பயிர் ஏறியிருக்க வேண்டும். இப்போதே போய் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கூட்டுறவு வங்கியிலோ மற்ற வங்கியிலோ பயிர்க்கடன் வாங்கியவர்கள், வறட்சி அறிவிப்பு வந்ததும் அதைத் தவணைக் கடனாக மாற்றித் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். ரிசர்வ் வங்கி விதியில் அதற்கு இடம் உண்டு, 2018 விதிப்படி மூன்றில் ஒரு பங்கு இழப்பு என்றால் இரண்டு வருஷம் வரை, பாதிக்குமேல் என்றால் ஐந்து வருஷம் வரை. கேட்காதவருக்கு யாரும் தேடிவந்து மாற்றித் தருவதில்லை.

இந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை பட்டாவின் பின்னால் போகின்றன. விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரத்துக்கும் வாய்ப்பேச்சுக் குத்தகைக்கும் உழுதவர் பெயர் அடங்கலில் இராது. நிலமே இல்லாத ஆட்டுக்காரருக்கு, ஆடு செத்தால்தான் பேச்சு. அதே 2022 அளவில் ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று இருக்கிறது, ஆனால் அது வறட்சியால்தான் செத்தது என்று சான்று வாங்குவது எவ்வளவு பாடு என்பதைச் சான்று கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்தவனாகச் சொல்கிறேன். மெலிந்து மெலிந்து செத்த ஆட்டுக்கு நாள் குறிக்க முடியாது. ஆகவே உங்கள் பணம் முதலில் பட்டியலில் இல்லாதவர்களிடம் போகட்டும்: குத்தகைக்காரர், நிலமில்லாத மேய்ப்பர், ஆண் துணை இல்லாத வீடு. எழுபது வீட்டுக்கும் சமமாகப் பிரித்தால் தலைக்கு நாலாயிரம் சொச்சம் வரும், யாருக்கும் எதையும் தடுக்காது. சமமாகப் பிரிக்காவிட்டால் ஊரில் சண்டை வரும் என்பீர்கள். வரும். பட்டியலை ஊர்க்கூட்டத்தில் வைத்து, பெயர்களை உரக்கப் படித்து, ஆட்சேபம் கேட்டு முடிவெடுத்தால் சண்டை குறையும். மறைத்துக் கொடுப்பதுதான் பெரிய சண்டையில் முடிகிறது.

இப்போது நீங்கள் கேட்ட மூன்றுக்கு வருகிறேன். அரிசி ரேஷனில் வருகிறது, அதன்மேல் இன்னொரு மூட்டை இறக்கினால் அது விற்கப்படும். குறைவது அரிசிக்கு மேல் வேண்டிய பருப்பு, பால், மருந்து, ஆனி மாதத்துக் கல்லூரிக் கட்டணம். அதற்கு வீட்டுப் பெண்ணின் கணக்கில் ரொக்கமாகப் போடுவதுதான் சரி. அதிலும் பையன் படிப்பை நிறுத்தும் நிலையில் இருக்கும் வீடு எது என்று ஆசிரியரைக் கேட்டால் சொல்லிவிடுவார். இந்த வகைக்கு உங்கள் தொகையில் கால் பங்கு. புது ஆடு வாங்கித் தருவது வறட்சியின் நடுவில் செய்யவே கூடாத காரியம். இருக்கும் ஆட்டுக்கே தீனி இல்லாத இடத்தில் இன்னும் வாயைச் சேர்க்கிறீர்கள், வெளிச்சந்தை ஆட்டோடு நோயையும் சேர்த்து இறக்குகிறீர்கள். ஆடு கொடுப்பது மழை பெய்து புல் முளைத்து இரண்டு மாதம் கழித்து யோசிக்க வேண்டியது. போர் விஷயத்தில் எனக்குக் கசப்பு அதிகம். உங்கள் பகுதியில் ஆழத்தில் கிடைப்பது பெரும்பாலும் உப்புத்தண்ணீர். போர் போட்டுப் போட்டு நகையையும் நிலத்தையும் தொலைத்த வீடுகள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. ஊருணியை ஆழப்படுத்தி வேலி போடுவதும், ஆடுமாடு குடிக்கத் தொட்டி கட்டி லாரித் தண்ணீர் ஊற்றுவதும் குறைந்த செலவு. ஆட்டுக்கு நாளைக்கு நாலைந்து லிட்டர், மாட்டுக்கு நாற்பது ஐம்பது லிட்டர் என்று வைத்துக்கொண்டால் என்ன கொள்ளளவு என்று நீங்களே போட்டுவிடலாம். தொட்டி நிழலில் இருக்கட்டும்.

கூலி வேலைக்கு நம் பகுதியின் பழைய வழி கரிமூட்டம். சீமைக்கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி சுட்டு விற்றுத்தான் பல வீடுகள் வறட்சியைத் தாண்டியிருக்கின்றன. 2017இல் நீதிமன்ற உத்தரவையொட்டி அந்த மரத்தை ஊர் ஊராகப் பிடுங்கினார்கள். நிலத்தடி நீருக்கு அது கேடா, எவ்வளவு கேடு என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. வறட்சி நடக்கும்போதே ஏழையின் ஒரே காட்டு வருமானத்தில் கை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கண்மாய் வேலையும் நல்லது, ஆனால் வரிசை முக்கியம். பணம் கையில் வந்ததும் எல்லோரும் ஜேசிபி வைத்துக் கண்மாய் நடுவில் குழி தோண்டுவார்கள். மடைக்கு (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய்) கீழே போகும் குழித் தண்ணீர் வயலுக்கு ஏறாது. வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடந்தால் கண்மாய்க்கே தண்ணீர் வராது. முதலில் வரத்துக்கால்வாய், பிறகு மடையும் மிகைத் தண்ணீர் வழியும் கலுங்கும், கடைசியில்தான் உள்வாய், அதாவது கண்மாயின் உட்பரப்பு. ஆடி, ஆவணியில் ஆள் வைத்து வரத்துக்கால்வாயைச் சுத்தம் செய்தால் அதே பணம் கூலியாகவும் வீட்டுக்குப் போகும்.

அடுத்த விதைப்பைப் பற்றி, என் எல்லைக்குள் நின்று ஒன்றிரண்டு. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அண்ணா 4 நூறு நாள் சொச்சத்தில் முடியும் மானாவாரி நெல். சித்திரைக்கார் நம் மாவட்டத்துப் பழைய நெல், புழுதியில் முளைத்துக் காத்திருக்கும். குதிரைவாலி இன்னும் குறைந்த தண்ணீரில் வரும், அதன் தாளை மாடு தின்னும். எது உங்கள் கரம்பை மண்ணுக்குப் பொருந்தும் என்பதை ஊரில் வயதானவர்களிடமும் வேளாண்மை அலுவலரிடமும் கேளுங்கள். குண்டு மிளகாய்க்காரர்கள் விதை வற்றலை விற்றுவிடாமல் எடுத்து வைத்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். காப்பீட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நம் கால்நடைக் காப்பீடு மாடு செத்த பிறகு தருவது. கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010இல் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள்: செயற்கைக்கோளில் பார்த்து மேய்ச்சல் நிலத்தின் பசுமை ஓர் அளவுக்குக் கீழே போனால் பணம் கொடுப்பது. காப்பீடு செய்த வீடுகள் அவசரத்துக்கு ஆடுமாடு விற்பதும், வேளைச் சாப்பாட்டைக் குறைப்பதும் குறைந்தது என்று ஆய்வில் தெரிந்தது. ஆனால் வானத்திலிருந்து பச்சையாகத் தெரிவது எல்லாம் தீவனம் இல்லை. சீமைக்கருவேலம் மண்டிய நம் ஊரை அந்த முறை எப்படி அளக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடைசியாக ஒன்று, வெளியூரில் இருந்து உதவுகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடும் இடம். ஆடுமாடு கொத்தாகச் சாவது வறட்சியின் உச்சத்தில் மட்டும் இல்லை, மழை வந்த முதல் வாரத்திலும்தான். எலும்பும் தோலுமாக நிற்கும் ஆடு முதல் மழையில் ராத்திரி முழுக்க நனைந்தால் விடியும்போது விறைத்துக் கிடக்கும். அதைத் தாண்டினால், திடீரென்று முளைத்த இளம்புல்லை வயிறு நிறையத் தின்று துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய் வரும், சாயங்காலம் நன்றாக நின்ற ஆடு காலையில் செத்துக் கிடக்கும். கோடைமழைக்குத் துளிர்த்த சோளத்தட்டையிலும் வாடிய இளஞ்சோளத்திலும் நஞ்சு இருக்கும், தின்ற மாடு மூச்சுத் திணறி நின்ற இடத்திலேயே விழும். மருத்துவர் ஊசி போடுவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே உங்கள் பணத்தில் மீதிக் கால் பங்கைத் தொடாமல் ஆவணி வரை வையுங்கள். புரட்டாசி பிறக்குமுன் துள்ளுமாரித் தடுப்பூசியும் குடற்புழு மருந்தும், ஒதுங்க ஒரு தார்ப்பாய்க் கூரையும், மழை பெய்த பிறகும் இரண்டு வாரத்துக்குப் போட வைக்கோலும் இருக்க வேண்டும். மழை விழுந்ததும் பணம் அனுப்புவதை நிறுத்திவிடாதீர்கள்.

இந்த வாரம் செய்யக்கூடியது: ஊரில் நம்பகமான ஒருவரை வைத்து வீடுவீடாக எத்தனை சினை ஆடு, எத்தனை கறவை, எத்தனை கிடா, யார் பெயர் அடங்கலில் இல்லை, யார் டெல்டா போகிறார்கள் என்று எண்ணி எழுதச் சொல்லுங்கள். வைக்கோலுக்கு மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாலு இடத்தில் விலை கேளுங்கள். அந்தப் பட்டியலும் விலையும் கையில் வந்ததும் இங்கேயே பதிலாகப் போடுங்கள், எத்தனை டன், எந்தெந்த வீட்டுக்கு எவ்வளவு என்று சேர்ந்து பிரித்துவிடலாம். அறுவடை முடிந்து வைக்கோல் லாரியேறிப் போக இன்னும் மூன்று நான்கு வாரம்தான் இருக்கிறது.